ஈரல் மட்டும் போதும்

எழுபதுகளின் நடுவில் நான் திருமுல்லைவாயிலிலிருந்து தினமும் எலெக்ட்ரிக் ரயில் பிடித்து மெட்ராஸுக்குப் போய் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள், "என்னம்மா, மருந்து கண்டுபிடிக்கிறியா?" என்று கேட்பார்கள். "இல்லை, மீன் ஈரல் வெட்டறேன்" என்பேன். அதற்கு மேல் ஒருவரும் கேட்டதில்லை. அவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போன பிறகு அம்மாதான், "வாயில ஒரு நல்ல வார்த்தை வராதாடி உனக்கு?" என்று ஆரம்பிப்பாள். உண்மையைச் சொன்னால் நம் வீடுகளில் இதுதான் மரியாதை.

நான் செய்தது உண்மையிலேயே அதுதான். கேட்மியம், துத்தநாகம், செம்பு மாதிரி உலோகங்கள் ஒரு மீனின் உடம்புக்குள் போனால் அதன் ஈரல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காது. ஒரு சின்னப் புரதத்தைத் தயாரித்து, உலோகத்தைப் பிடித்து அதோடு கட்டிப் போட்டுவிடும். வருகிற உலோகம் கூடினால் புரதமும் கூடும். மீன் பாட்டுக்கு நீந்தும், துள்ளும், பார்க்க ஒரு குறையும் இருக்காது. ஈரலைக் கிழித்துப் பார்த்தால்தான் அது என்ன பாடுபட்டிருக்கிறது என்று தெரியும். தண்ணீரைச் சோதித்தால் போதாதா என்று அப்பா ஒருமுறை கேட்டார். தண்ணீர் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதைத்தான் சொல்லும், ஒரு மழை பெய்தால் பேச்சை மாற்றிவிடும் என்றேன். அப்பா திரும்பவும் பேப்பருக்குள் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் மீனுக்கும் பஞ்சமில்லை, உலோகத்துக்கும் பஞ்சமில்லை. அம்பத்தூரில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்து பட்டறைகள் பெருகியிருந்தன. அதில் சிலது முலாம் போடும் பட்டறைகள். போல்ட்டு, நட்டு, சைக்கிள் சாமான் எல்லாம் துருவோடு உள்ளே போய் மினுமினுவென்று வெளியே வரும். கழுவின தண்ணீர் வாய்க்காலில் இறங்கி ஏரிக்குப் போகும். எந்தப் பட்டறை, எந்த ஏரி என்று இங்கே எழுதப்போவதில்லை. அப்போது எழுதக்கூடாது என்றார்கள். இப்போது எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது.

அந்த ஏரியிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவந்தவள் ஒரு அக்கா. நாற்பது வயது இருக்கும். ஏரிக்கரையில் வீடு. வீட்டுக்காரர் வலை போடுவார், இவள் தலையில் வைத்து விற்பாள். கெண்டை, கெளுத்தி எல்லாம் கூடையில் வரும். விரால் மட்டும் கொஞ்சம் தண்ணீர் விட்ட அலுமினியக் குண்டானில் உயிரோடு வரும். எனக்கு வேண்டியதும் உயிரோடு இருக்கும் விரால்தான். முதல் நாள் வாசலில் அவளை நிறுத்தினேன்.

"எத்தினி பேருக்கு கண்ணு?"

"எனக்கு ஈரல் மட்டும் போதும்க்கா."

அவள் குண்டானை இறக்காமலே என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பூனைக்கா?"

"எனக்குத்தான்."

"ஊட்ல எல்லாரும் நல்லாத்தானே கீறாங்க?" என்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

முழு மீனாக வாங்கிக்கொள்கிறேன், ஆனால் உடனே அறுத்து ஈரலை எடுத்தாக வேண்டும் என்று விளக்கினேன். விளக்கத்தில் அவளுக்கு அக்கறை இல்லை. தினமும் விரால் வாங்குகிற வீடு கிடைத்துவிட்டது, அது போதும். நான் கொல்லையில் உட்கார்ந்து அறுக்கும்போது எதிரில் குந்திக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். விரால் ஈரல் கட்டைவிரல் அளவுகூட வராது. அதை இடுக்கியால் எடுத்து, குளிர்ந்த உப்புநீரில் அலசி, சின்னக் குப்பியில் போட்டு, குப்பியை வாயகன்ற பிளாஸ்க்கில் ஐஸுக்கு நடுவே வைப்பேன்.

"அடேங்கப்பா! தாலிக்குண்டு மாதிரி எடுத்து வெக்கிறியே."

"கெட்டுப்போயிடும்க்கா."

"நாங்கள்லாம் குடலோட சேத்து காக்காய்க்கு வீசிடுவோம்" என்றாள். கொஞ்ச நேரம் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கரையான்சாவடியில் கட்டிக்கொடுத்திருந்த பெண். தலைப்பிரசவம். மசக்கை தாங்காமல் மூன்றாம் மாதமே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டது. "ஒண்ணும் துன்ன மாட்டேங்குது கண்ணு. எலும்பும் தோலுமா கீது" என்றாள். மோர் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் ரயிலுக்கு ஓடினேன்.

ரயிலில் என் பிளாஸ்க்குக்குத் தனி மவுசு. ஆபீஸ் போகும் பெண்கள் பெட்டியில் ஒருத்தி, "காபியா?" என்று ஆசையாகக் கேட்டாள். திறந்து காட்டினேன். அதற்குப் பிறகு எனக்கு எப்போதும் உட்கார இடம் கிடைத்தது.

பிரச்சினை மீதி மீனில் வந்தது. ஈரல் போக மிச்சம் ஒரு முழு விரால். அம்மா மசாலா அரைத்துவைத்துக்கொண்டு சட்டியோடு வந்தாள். ஏரியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இதைச் சமைக்கக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன்.

"நேத்து வரைக்கும் தின்னோமேடி!"

"நேத்து நான் சோதிக்கலை."

"அப்ப நீ சோதிக்கிறதாலதான் கெட்டுப்போச்சா?"

இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் ரயில் போய்விடும். மீனைக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனையில் போட்டுவிட்டுக் கிளம்புவேன். பூனைகளும் காக்கைகளும் பார்த்துக்கொள்ளும். அந்தக் காலி மனையைப் பார்த்தாற்போல் பின்வீட்டம்மாவின் சமையலறை ஜன்னல் இருந்தது என்பதை நான் கவனத்தில் வைக்கவில்லை. பின்வீட்டம்மா பொல்லாதவள் இல்லை. ஜன்னல் வழியாகத் தெரிவதைத் தெருவுக்குத் தெரியப்படுத்துவாள், அவ்வளவுதான்.

காலேஜில் மீனைப் பற்றியே படிக்கிற பெண், தினமும் முழு விரால் வாங்கி, தின்னாமல் தூக்கிப் போடுகிறாள். தெரு ஒரு வாரம் பார்த்தது. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியாது என்று சொல்லியிருப்பேன். அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வீடாக, "இன்னைக்கு வேணாம்மா", "இன்னைக்கு கிருத்திகை", "அவருக்கு ஒத்துக்கலை" என்று கதவைச் சாத்தினார்கள். அடுத்த தெருவும் சாத்தியது. அந்த மாதம் எங்கள் பக்கம் வந்ததுபோல் அத்தனை கிருத்திகைகள் எந்தப் பஞ்சாங்கத்திலும் வந்திருக்காது.

ஒரு நாள் காலையில் அக்கா எங்கள் கேட்டுக்கு முன்னால் கூடையை டொப்பென்று இறக்கினாள்.

"இன்னாமே, நான் உனக்கு இன்னா கெடுதல் பண்ணேன்? உன் வாசப்படி வந்து மீனு குடுத்தது தப்பா?"

தெரு முழுக்க ஜன்னல் திறந்தது. நான் கையில் ஸ்கால்பெல்லோடு நின்றேன்.

"வெஷம்னு சொல்லிக்கினு திரியறியாமே! எந்த ஊட்டுக்குப் போனாலும் கதவு சாத்தறாங்க. எம்மா நாளா இந்தத் தெருவுல சுத்தறேன், ஒருத்தரு வயிறு வலிச்சிதுன்னு சொல்லியிருப்பாங்களா? ஒருத்தரு?"

"நான் விஷம்னு சொல்லலைக்கா."

"அப்ப துன்னு காட்டு. தோ, எல்லாரும் பாத்துகினு கீறாங்க. உங்கம்மாவ கொழம்பு வெக்கச் சொல்லு. நடுத்தெருவுல குந்தி துன்னு."

அம்மா உள்ளேயிருந்து ஆர்வமாக எட்டிப் பார்த்தாள். மசாலா தயாராக இருந்திருக்க வேண்டும்.

"மாட்டேன்க்கா. தெரியாம தின்ன மாட்டேன்."

"சரி, அத்தயாவது சொல்லு. துன்னலாமா, கூடாதா?"

"தெரியாது."

"இத்தினி வருசம் படிச்சிட்டு தெரியாதா?" என்று அவள் தெருவைப் பார்த்துக் கேட்டாள். எனக்குச் சுரீர் என்றது. படித்ததால்தான் தெரியாது என்கிறேன், படிக்காவிட்டால் இந்தத் தெருவைப் போல எனக்கும் எல்லாம் தெரிந்திருக்கும் என்று கத்திவிட்டேன். தெருவில் பாதிப் பேர் அதற்கப்புறம் என்னோடு பல மாதம் பேசவில்லை. எனக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அவள் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் என் கோபம் இறங்கிவிட்டது.

சோதித்து முடித்து, தின்னலாமா கூடாதா என்று நானே அவள் வீடு தேடி வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சோதனைக்கு ஏரி மீன் மட்டும் போதாது, எஸ்டேட் தண்ணீர் படாத இடத்து விராலும் வேண்டும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றேன். அவள் மூக்கைச் சிந்தினாள். "குத்தம்பாக்கத்துல என் நாத்தனா கீறா. அங்க குளத்துல நெறய விரால் கீது. கொண்டாந்து போடறேன். சீக்கிரமா சொல்லித் தொல" என்றாள். சொன்னபடி பூந்தமல்லி வழியாக பஸ் மாறி மாறி, தவலையில் ஈரக் கோணியைப் போட்டு மூடி, உயிரோடு கொண்டுவந்து சேர்த்தாள். கண்டக்டர் மீனுக்கும் டிக்கெட் கேட்டானாம். அவனை அவள் என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது.

அத்தனை மீனையும் ஒரே நாளில் அறுக்க முடியாது. எங்கள் துறையில் புரதத்தைப் பிரிக்கும் கண்ணாடிக் குழாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் நிரப்பும் ஜெல் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், பேராசிரியர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டுவார். கல்லூரியில் இருந்த தொட்டிகளில் தவளைகள் குடியிருந்தன. எனவே குளத்து விரால்கள் என் முறை வரும்வரை எங்கள் வீட்டில் இருந்தன. ஏரி மீனை அன்றன்றைக்குப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்பதால் அதற்கு இடம் தேடும் வேலை இல்லை.

அவை இருந்தது எங்கள் வீட்டு அண்டாவில். அம்மா கல்யாணத்துக்கு வந்த சீர், பெரிய செப்பு அண்டா. தெருவில் எந்த வீட்டில் வளைகாப்பு, காதுகுத்து என்றாலும் அது போய்விட்டு வரும். அதைக் கேட்டு வருகிறவர்களிடம், "பத்திரமா கொண்டாந்து குடுத்துடுங்க" என்று சொல்லும்போது அம்மாவின் முகத்தில் ஒரு களை வரும். மீனுக்குக் கொடுக்க முதலில் மறுத்தாள். பிறகு மீன்களைப் பார்த்துப் பாவப்பட்டுக் கொடுத்தாள். மண்புழுவும் பொடிமீனும் போடச் சொல்லியிருந்தேன். அம்மா கூடவே கொஞ்சம் சோறும் போட்டாள், விருந்தாளிகளைப் பட்டினி போட்ட பழக்கம் அவளுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் நாள். விளக்கு, சொம்பு, தவலை எல்லாம் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆகி, மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அண்டா மட்டும் பாசி பிடித்து நிற்பதை அம்மாவால் பொறுக்க முடியவில்லை. மீன்களை வாளிக்கு மாற்றி, அண்டாவை உள்ளும் புறமும் புளியும் உப்பும் போட்டு அரக்கித் தேய்த்து, ஒரு சொம்புத் தண்ணீரில் அலசி, திரும்ப நிரப்பி, மீன்களை விட்டு, அண்டாவுக்குக் குங்குமமும் வைத்தாள். வெள்ளிக்கு வெள்ளி இது நடந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து உலோக விஷம் பற்றிய கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா என்மேல் தண்ணீர் தெளிக்காமல் தேய்க்கக் கூடாதா என்பதுதான் என் கவலையாக இருந்தது.

என் முறை வந்தது. ஈரலை அரைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, தெளிந்த சாற்றைச் சூடாக்க வேண்டும். மற்ற புரதங்கள் முட்டை வெள்ளைபோல் திரண்டு அடியில் போய்விடும். நாம் தேடும் புரதம் சூட்டுக்கு அசையாது, தெளிவில் நிற்கும். அந்தத் தெளிவை ஜெல் குழாயில் விட்டுச் சொட்டுச் சொட்டாகப் பிடித்து, ஒவ்வொரு சொட்டையும் கருவியில் வைத்துப் பார்த்தால் புரதம் வரும் இடத்தில் கோடு எழும்பும். ஏரி விராலுக்குக் கோடு எழும்பியது. குளத்து விராலுக்குப் பார்த்தேன். இன்னும் உயரமாக எழும்பியது.

பேராசிரியர் மெலிந்த மனிதர். குளிர் அறைக்காக மெட்ராஸ் மே மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். வரைபடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"குத்தம்பாக்கத்துல பட்டறை இருக்கா?"

"இல்லை சார். நெல்லுதான்."

"மீனை எங்க வச்சிருந்தே?"

"வீட்டுல சார். அண்டாவுல."

"என்ன அண்டா?"

வாயைத் திறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. "செப்பு" என்றேன். அவர் ஸ்வெட்டரின் பொத்தானைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார். "துலக்கினாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் வீட்டிலும் வெள்ளிக்கிழமை உண்டு. அண்டாத் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லிச் சோதித்தோம். புளியில் கரைந்த செம்பு தாராளமாக இருந்தது. குளத்து மீன்கள் எங்கள் வீட்டுக்கு வரும்வரை சுத்தமாகத்தான் இருந்திருக்கின்றன, அம்மாதான் அவற்றை உலோகம் தின்ன வைத்திருக்கிறாள். ஒப்பிட ஒரு சுத்தமான மீன் இல்லாததால் ஏரி மீனைப் பற்றியும் ஒன்றும் சொல்ல முடியாது, முதலிலிருந்து ஆரம்பி என்றார்.

அக்காவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். இன்னும் முடிவு தெரியவில்லை, எங்கள் அண்டாவால் சோதனை கெட்டுவிட்டது, மறுபடி செய்ய வேண்டும் என்று நிதானமாக, இரண்டு முறை. அவள் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு நடுத்தெருவில் போய் நின்று குரல் கொடுத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்கம்மா! காலேஜு வாத்தியாரே சொல்ட்டாரு! மீன்ல ஒண்ணும் இல்ல! வெஷம் இவங்க ஊட்டு அண்டாவுலதான் கீது!"

நான் ஓடிப்போய், "அக்கா, நான் அப்படிச் சொல்லலை" என்றேன். "நீ எப்பதான் எத்த சொன்ன?" என்றாள்.

மறுநாளே ஏரி விரால் விற்றுத் தீர்ந்தது. நாக்கைக் கட்டிவைத்திருந்தவர்கள் ஒருத்திக்கு ஒருத்தி போட்டி போட்டு வாங்கினார்கள். எங்கள் வீட்டில்தான் இடி விழுந்தது. பின்வீட்டம்மா பெண்ணுக்கு வளைகாப்பு வந்தது. அண்டா கேட்டு யாரும் வரவில்லை. வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து ஒரு அலுமினிய அண்டா ரிக்ஷாவில் எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. அம்மா அதைக் கண்ணால் பார்த்தாள். விசேஷத்துக்குப் போனவள் சந்தனத்தைக்கூடப் பூசிக்கொள்ளாமல் திரும்பி வந்தாள்.

"இருபத்தஞ்சு வருஷமா அந்த அண்டாத் தண்ணிதான்டி இந்தத் தெரு குடிச்சிது. உன்னை யாருடி மீனைக் கொண்டாந்து அதுல விடச் சொன்னது? பாவி! என் மானமே போச்சு."

தண்ணீர் பிடித்து வைத்தால் ஒன்றும் ஆகாது, புளி போட்டுத் தேய்த்ததைச் சரியாக அலசாததுதான் தப்பு என்று விளக்கினேன். சமாதானமாக வேண்டியவள் அதற்கப்புறம் மூன்று நாள் என் தட்டில் சோற்றை மட்டும் போட்டாள், குழம்பை நானே ஊற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டாம் முறை புது மண்பானைகள் வாங்கினேன். அக்கா மறுபடி குத்தம்பாக்கத்திலிருந்து விரால் கொண்டுவந்தாள். வியாபாரம் நடந்துகொண்டிருந்ததால் இப்போது அவளுக்கு அவசரமில்லை, எனக்காகச் செய்தாள். அம்மா மண்பானைகளின் பக்கமே போகவில்லை, குங்குமமும் வைக்கவில்லை. விஞ்ஞானத்துக்கு அவள் செய்த பெரிய உதவி அது. என் முறை வரத் தாமதமாகி, கரன்ட் போய், ஐஸ் உருகி, சில மீனை வீணாக்கி, ஒருவழியாக முடித்தேன். குளத்து விராலுக்குக் கோடு தரையோடு தரையாகப் போனது. ஏரி விராலுக்கு மலைபோல் எழும்பியது. புரதம் வந்த சொட்டுகளை உலோகம் அளக்கும் கருவி இருந்த வேறொரு இடத்துக்குக் கொண்டுபோய்க் காத்துக் கிடந்து பார்த்தோம். கேட்மியமும் துத்தநாகமும்.

பேராசிரியர் அன்றைக்கு ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டார். கேன்டீனிலிருந்து எல்லோருக்கும் போண்டா வரவழைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு சந்தோஷம். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்தேன். வில்லிவாக்கம் தாண்டும்போதுதான் இதைப் போய் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்பது உறைத்தது. பையில் மீதியிருந்த போண்டாவை அப்படியே வைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகாமல் நேராக ஏரிக்கரைக்கு நடந்தேன். வெயில் இன்னும் இருந்தது. அக்கா வாசலில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எலும்பும் தோலுமாக வந்தது என்று சொன்ன பெண், கன்னம் உப்பி, வயிறு நிறைந்து, நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு மண்சட்டி.

"வா கண்ணு, வா! குந்து. பாத்தியா எம்பொண்ண? எப்டி தேறிட்டா பாரு!" அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "எல்லாம் உன்னாலதான்."

"நான் என்னக்கா பண்ணேன்?"

"நீ வாயால சொல்ல மாட்டே. கேட்டா தெரியாதும்பே. நான் உன் கையத்தான் பாத்துகினு இருந்தேன். முழுசா மீனத் தூக்கி வீசிட்டு, அந்தத் துளியூண்டு ஈரல மட்டும் ஐஸு வெச்சி, பிளாஸ்க்குல போட்டு, மெட்ராஸ் வரிக்கும் எடுத்துகினு போறியே. படிச்ச பொண்ணு சும்மாவா எடுத்துகினு போவும்? சத்தெல்லாம் அதுலதான் கீதுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிபோச்சி. அன்னிலேர்ந்து ஒரு ஈரலு நான் வீசல. ஊட்டுக்கு ஊடு மீனு கழுவிக் குடுக்கும்போதெல்லாம் ஈரல எடுத்து மடியில முடிஞ்சிக்குவேன். மொளகு போட்டு வறுத்துக் குடுத்தா இவளுக்கு அது மட்டுந்தான் எறங்குது. வேற ஒண்ணும் வேணாம், ஈரலு மட்டும் போதும்ன்றா."

மகள் சிரித்துக்கொண்டே சட்டியை என் பக்கம் நீட்டினாள். "நீங்களும் சாப்பிடுங்கக்கா."

சட்டியில் சின்னச் சின்னதாகப் பத்துப் பன்னிரண்டு இருந்தன. ஒரு மாதத்தில் நான் குழாயில் ஊற்றுகிற அளவு. சட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன். பிறகு சொன்னேன். ஏரி மீனில் பட்டறை உலோகம் இருக்கிறது, சதையைவிட ஈரலில்தான் அது சேருகிறது, நான் ஈரலை எடுத்துப் போனது அதனால்தான்.

அடுப்பு புகைந்துகொண்டிருந்தது, அக்கா ஊதவில்லை.

"ஆனா மீனு நல்லாத்தானே துள்ளுது?"

"உடம்பு அதைக் கட்டிப் போட்டு வச்சிருக்குக்கா. அதனால துள்ளுது."

"மன்சன் உடம்பும் கட்டிப் போடுமா?"

"போடும். ஓரளவுக்கு."

"வயித்துல கீற புள்ளைக்கு?"

"தெரியாதுக்கா" என்றேன்.

இந்தத் தடவை அவள், இத்தினி வருசம் படிச்சிட்டு தெரியாதா என்று கேட்கவில்லை. எழுந்து, சட்டியை எடுத்து, கரைக்குப் போய், காக்கை எடுக்காதபடி குழி தோண்டி ஈரலைப் புதைத்துவிட்டு வந்தாள். மகள் ஒன்றும் புரியாமல் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அந்தப் பெண் பயந்துவிடுவாள் என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அக்கா ஏரி மீன் விற்கவில்லை. விடியுமுன் காசிமேட்டுக்குப் போய்க் கடல் மீன் கொண்டுவந்தாள். வீட்டுக்காரர் வலையைச் சுருட்டிவைத்துவிட்டுக் கொத்தனாருக்குச் சித்தாளாகப் போனார். ஏன் என்று தெருவிடம் அவளும் சொன்னாள், நானும் சொன்னேன். தெரு நம்பவில்லை. உயிர் விராலுக்கு ஈடாகுமா இது, இவளுக்கு ராங்கி ஏறிவிட்டது என்று பின்வீட்டம்மா ஜன்னலிலிருந்து சொன்னாள். வேறொரு ஆள் சைக்கிளில் ஏரி விரால் கொண்டுவர ஆரம்பித்தான். அவனிடம் வாங்கிக்கொண்டார்கள்.

குழந்தை பிறந்து பத்து நாள் கழித்துப் பார்க்கப் போனேன். ஆண் குழந்தை. அக்கா அதைத் துணியோடு தூக்கிவந்து என் மடியில் போட்டாள். துணியை விலக்கி, கை, கால், விரல், நகம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினாள். காட்டி முடித்து என் முகத்தையே பார்த்தாள்.

"நல்லாத்தானே கீது கண்ணு?"

குழந்தை காலை உதைத்துக்கொண்டு துள்ளியது. தோல் பளபளவென்று இருந்தது. பார்க்க ஒரு குறையும் இல்லை.

"நல்லாத்தான் இருக்குக்கா" என்றேன். ஏரி விரால்களைப் பற்றியும் என் ஆராய்ச்சி நோட்டின் முதல் பக்கத்தில் நான் அதைத்தான் எழுதியிருந்தேன்.